காண்பது மெய்யா? காண்பவன் யார்?

ஜனக மகாராஜர் ஒரு நாள் நண்பகலில் சற்றே கண்ணயர்ந்தார். கனவில் பகைவர் படை நாட்டைச் சூழ்ந்தது. தோற்றுப்போன மன்னர் கந்தல் ஆடையுடன் காட்டிலும் மேட்டிலும் அலைந்தார். பல நாள் பட்டினிக்குப் பின் ஓர் அன்னசத்திரத்தில் கலத்தின் அடியில் ஒட்டியிருந்த கஞ்சி கிடைத்தது. அதை வாயருகே கொண்டுசென்ற வேளையில் பருந்து ஒன்று பாய்ந்து தட்டிவிட, கஞ்சி மண்ணில் கொட்டியது. அலறியபடி மன்னர் விழித்தார். பட்டு மெத்தை அப்படியே இருந்தது. சாமரம் வீசும் பணியாளரும் அப்படியே நின்றனர். ஆயினும் பசியின் வேதனை உடலை விட்டு நீங்கவில்லை. "அது உண்மையா, இது உண்மையா?" என்று மன்னர் கேட்டார். அரசி வந்து விசாரித்தபோதும், அமைச்சர் வந்து வணங்கியபோதும் அதே வினாவையே எழுப்பினார். இறுதியில் அஷ்டாவக்கிர முனிவர் அவைக்கு எழுந்தருளினார்.

முனிவர் தந்த விடையைப் பின்னர் காணலாம். முதலில் வினாவைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் மிதிலையில் எழுந்ததாக மரபு கூறும் அதே வினா, கடந்த சில பத்தாண்டுகளாக அறிவியல் புனைகதைப் படங்களிலும் மர்மப் படங்களிலும் திரும்பத் திரும்ப எழுந்து, உலகெங்கும் கோடிக்கணக்கான இளைஞரைச் சென்றடைந்திருக்கிறது. உபநிஷத் வகுப்பின் வாயிலை மிதித்திராத மாணவனும், இப்படங்களுள் ஒன்றைப் பார்த்துவிட்டு வீடு திரும்பி, "இந்த உலகமே பொய் என்றால் படிப்பு எதற்கு, வேலை எதற்கு?" என்று தாயிடம் கேட்கிறான். அக்கேள்வியைக் கேலி என்று ஒதுக்கிவிடலாகாது. ஞானம் பிறந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. வினா நல்லதுதான். அது எந்தத் திசையில் செல்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும். நான்கு படங்களை எடுத்துக்கொண்டு அத்திசையை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

வினாவின் தொன்மை

காண்பதை ஐயுறும் பழக்கம் திரைப்படத்தோடு பிறந்ததன்று. கிரேக்க ஞானி பிளேட்டோ, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தம் 'குடியரசு' நூலின் 7ஆம் பகுதியில் ஒரு குகையை வருணித்தார். பிள்ளைப் பருவம் முதலே கட்டுண்டு, சுவரில் விழும் நிழல்களை மட்டுமே பார்த்து வளர்ந்த கைதிகளுக்கு அந்நிழல்களே உலகம். ஒருவன் கட்டவிழ்ந்து வெளியே சென்றால் முதலில் அவன் கண்கள் கூசும். திரும்பிவந்து உண்மையைச் சொன்னால் மற்றவர் அவனை நகைப்பர். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ரெனே டேக்கார்ட் 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' என்னும் நூலில், ஆற்றல் மிக்க வஞ்சகச் சக்தி ஒன்று தம் புலன்கள் அனைத்தையும் ஏமாற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா என்று எண்ணிப் பார்த்தார். 1981இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹிலரி பட்னம், தொட்டியில் மிதக்க வைத்துக் கணினியுடன் இணைக்கப்பட்ட மூளையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதே ஐயத்தை ஆராய்ந்தார்.

பாரதத்தில் இவ்வாராய்ச்சி வேறொரு வழியில் நடந்தது. 12 மந்திரங்களே கொண்ட மாண்டூக்ய உபநிஷத், மனிதனின் அனுபவம் முழுவதையும் விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என மூன்று நிலைகளாகப் பகுத்தது. அதற்குக் காரிகை இயற்றிய கௌடபாதர், இரண்டாம் பிரகரணத்தில் கனவுப் பொருள்களையும் விழிப்புப் பொருள்களையும் அருகருகே வைத்து எடைபோட்டார். மேலை நாட்டு உவமைகளில் பெரும்பாலும் இரண்டு உலகங்கள் உண்டு: ஏமாற்றும் உலகம் ஒன்று, அதற்கு அப்பால் மெய்யான உலகம் ஒன்று. மாண்டூக்யமோ மூன்று நிலைகளையும் கடந்து, அவற்றை அறிவது எது என்று கேட்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு படங்களை அணுகினால், அவை எதுவரை வருகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பது தெளிவாகும்.

வானத்தில் முட்டிய படகு

பீட்டர் வியர் இயக்கி 1998இல் வெளிவந்த 'தி ட்ரூமன் ஷோ'வின் நாயகன் ட்ரூமன், கடலோரச் சிற்றூர் ஒன்றில் வாழும் காப்பீட்டு அலுவலர். அவன் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவ்வூர் மாபெரும் கூரையின் கீழ் அமைக்கப்பட்ட அரங்கம். மனைவி, நண்பன், அண்டை வீட்டார் அனைவரும் சம்பளம் பெறும் நடிகர்கள். அவன் பிறந்தது முதல் ஒவ்வொரு கணமும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிறது. கதை நடக்கும்போது நிகழ்ச்சி 10,909ஆம் நாளை எட்டியிருக்கிறது.

ஒரு காலைப்பொழுதில் வானத்திலிருந்து மின்விளக்கு ஒன்று தெருவில் விழுகிறது. அதன்மேல் ஒரு விண்மீனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவன் கவனிக்கத் தொடங்குகிறான். ஒரே மனிதர்கள் ஒரே வரிசையில் தெருவைச் சுற்றி வருகின்றனர். இறந்துவிட்டதாக நம்பிய தந்தை ஏழையின் வேடத்தில் எதிரே வருகிறார். விவேகம் பிறக்கும் முறை இதுவே. சாதகனின் வாழ்விலும் முதலில் பெரிய தத்துவம் தோன்றுவதில்லை. நிலையானது என்று நம்பிய ஏதோ ஒன்று, ஓர் உறவோ பதவியோ உடல்நலமோ, திடீரென்று கழன்று விழுகிறது. பெரும்பாலோர் அதைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுவிட்டு நடந்துவிடுவர். சிலர் மட்டும் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பர்.

ட்ரூமனை ஊருக்குள் நிறுத்தி வைத்தது மதில் அன்று, அச்சம். சிறுவயதில் தந்தை கடலில் மூழ்குவதாக ஒரு காட்சி நடிக்கப்பட்டு, நீரைக் கண்டால் நடுங்கும்படி அவன் பழக்கப்பட்டிருந்தான். கதவு பூட்டப்படவில்லை, கதவுவரை செல்ல அவன் துணியவில்லை. இறுதியில் அச்சத்தை வென்று பாய்மரப் படகில் புறப்படுகிறான். செயற்கைப் புயலைத் தாங்கிச் செல்லும் அப்படகின் முனை, வரையப்பட்ட வானத்தில் குத்தி நிற்கிறது. அருகே படிகளும் ஒரு கதவும் இருக்கின்றன. அரங்கத்தைப் படைத்தவர், வெளியே இருப்பது இதைவிட உண்மையானதன்று, இங்கே அச்சப்பட ஒன்றுமில்லை என்று குரல் கொடுக்கிறார். ட்ரூமன் வணங்கி விடைபெற்றுக் கதவைக் கடக்கிறான்.

படம் அங்கே முடிவதாகவே பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். உண்மையில் இறுதிக் காட்சி வேறு. இத்தனை ஆண்டுகள் அவனைப் பார்த்துக் கண்ணீர் விட்ட காவலாளர் இருவர், ஒளிபரப்பு நின்றவுடன் அடுத்த அலைவரிசையில் என்ன ஓடுகிறது என்று தேடத் தொடங்குகின்றனர். ட்ரூமன் நுழையும் வெளியுலகம் அவர்களுடைய உலகமே. ஓர் அரங்கத்திலிருந்து வெளியேறுபவன் மற்றோர் அரங்கத்திற்குள்தான் நுழைகிறான். ஊரை மாற்றுவதும் வேலையை மாற்றுவதும், குடும்பத்தைத் துறந்து மலைக்குச் செல்வதும்கூடக் காட்சி மாற்றமாகவே முடிந்துவிடலாம். காண்பவன் மாறாத வரையில் கட்டும் உடன் செல்கிறது.

அறிந்தும் திரும்பியவன்

மறு ஆண்டான 1999இல் வாச்சோவ்ஸ்கி உடன்பிறப்புகள் இருவர் இயக்கிய 'தி மேட்ரிக்ஸ்' வெளிவந்தது. டேக்கார்ட்டின் ஐயமும் பட்னமின் தொட்டியும் இங்கே முழுக்கதையாக விரிந்தன. மனிதர் அனைவரும் இயந்திரங்களின் பிடியில் கலங்களுக்குள் உறங்குகின்றனர். அவர்கள் வாழ்வதாக எண்ணும் நகரம், கணினி மூளைக்குள் செலுத்தும் கனவு. நியோ என்னும் இளைஞனுக்கு மார்ஃபியஸ் இரண்டு மாத்திரைகளைக் காட்டுகிறார். நீலத்தை விழுங்கினால் பழைய உறக்கம். சிவப்பை விழுங்கினால் விழிப்பு. வழிகாட்டியின் பெயர் கிரேக்கப் புராணத்தில் கனவுகளின் தேவனுக்குரியது.

இப்படத்திற்கும் வேதாந்தத்திற்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகம் அன்று. 2003இல் வந்த மூன்றாம் பகுதி முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது, பொய்ம்மையைக் கடந்து மெய்ம்மையையும் ஒளியையும் இறவாமையையும் வேண்டும் பிருகதாரண்யக உபநிஷத்தின் பிரார்த்தனை ஸம்ஸ்கிருதத்திலேயே ஒலிக்கிறது.

சாதகன் உற்று நோக்க வேண்டிய பாத்திரம் நியோ அன்று, சைஃபர். அவனும் ஒருகாலத்தில் சிவப்பு மாத்திரையை விழுங்கியவன்தான். ஆனால் விழிப்புலகில் கிடைப்பது குளிர்ந்த இரும்புக் கப்பலும் சுவையற்ற கூழும் மட்டுமே. ஒன்பது ஆண்டுகளில் சலித்துவிடுகிறான். பகைவனுடன் உணவகத்தில் அமர்ந்து, தன் முன் இருக்கும் இறைச்சித் துண்டு இல்லாத ஒன்று என்று அறிந்தே சுவைக்கிறான். தோழர்களைக் காட்டிக்கொடுப்பதற்கு ஈடாக அவன் கேட்பது மூன்று: செல்வம், புகழ், எல்லாவற்றையும் மறக்கும் வரம்.

1974இல் ராபர்ட் நோசிக் என்னும் தத்துவ அறிஞர் ஒரு கற்பனை இயந்திரத்தை முன்வைத்தார். விரும்பும் இன்பம் அனைத்தையும் மூளைக்குள் ஊட்டவல்லது அது. ஆயுள் முழுவதும் அதனுடன் இணைந்து கிடக்க மனிதன் உடன்படுவானா என்று கேட்டு, இன்பத்தை மட்டுமன்றி மெய்யான வாழ்வையும் மனிதன் நாடுகிறான் என்றார். சைஃபர் அதற்கு உடன்பட்டவன். கடோபநிஷத்தில் யமதர்மன் நசிகேதனுக்கு முன் யானையும் பொன்னும் நீண்ட ஆயுளும் வைத்தபோது சிறுவன் மறுத்தான். உயர்நலமான சிரேயஸும், உடனே இனிக்கும் பிரேயஸும் மனிதன்முன் வந்து நிற்கும். அறிவாளி பிரித்தறிந்து தேர்ந்தெடுப்பான் என்பது அங்கே உபதேசம். உண்மையைத் தெரிந்துகொள்வது ஒரு கணத்தில் நிகழலாம். அதில் நிலைத்து நிற்க வைராக்கியம் வேண்டும். சைஃபரிடம் இருந்தது தகவல். நசிகேதனிடம் இருந்தது தகுதி. சத்சங்கத்தில் கேட்டதை வாசற்படியிலேயே மறந்துவிட விரும்பும் மனம் எவருக்கும் அயலானதன்று.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. 'மேட்ரிக்ஸ்' என்பதும் மாயை என்பதும் ஒன்றல்ல. படத்தில் ஏமாற்றுபவர் வெளியே உள்ளார். அவரை வென்றால் விடுதலை. வேதாந்தத்தில் ஏமாற்றும் பகைவன் எவனும் இல்லை. அரையிருளில் கயிற்றைப் பாம்பு என்று கண்டவனை யாரும் ஏமாற்றவில்லை. அறியாமையே அச்சத்தை விளைவித்தது. தடியெடுத்துப் பாம்பை அடிப்பதால் அது சாகாது. விளக்கைக் கொணர்ந்தால் போதும். உலகைப் பகையாகக் கருதி அதனுடன் போரிடத் தொடங்குபவன் விளக்கைவிட்டுத் தடியை எடுத்தவனே ஆவான்.

தன்னையே ஏமாற்றும் மனம்

உலகம் ஏமாற்றாவிடினும் உள்ளம் ஏமாற்றும் என்பதை 2000ஆம் ஆண்டில் கிறிஸ்டோஃபர் நோலன் இயக்கிய 'மெமென்டோ' காட்டுகிறது. தலையில் அடிபட்ட லியோனார்டுக்குப் புதிய நினைவுகள் தங்குவதில்லை. சில நிமிடங்களுக்கு முன் பேசியவரையும் மறந்துவிடுவான். மனைவியைக் கொன்றவனைத் தேடுவதற்காக நிழற்படங்களிலும் தாள்களிலும் தன் உடம்பிலும் குறிப்புகளை எழுதிக்கொள்கிறான். 2005இல் வந்த 'கஜினி' மூலம் இத்தகைய நாயகன் தமிழ் ரசிகர்களுக்கும் அறிமுகமானவன். வண்ணக் காட்சிகள் பின்னோக்கிச் செல்ல, கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி நகர, இரண்டும் இணையும் இடத்தில் உண்மை வெளிப்படுகிறது.

அந்த உண்மை கசப்பானது. பழிவாங்கல் முன்பே முடிந்துவிட்டது என்று உடனிருப்பவன் சொல்கிறான். லியோனார்டுக்கோ தேடல் இன்றி வாழ முடியாது. ஆகவே இன்னும் சில நிமிடங்களில் தான் மறந்துவிடுவான் என்பதை அறிந்தே, அந்த மனிதனின் வண்டி எண்ணைக் கொலையாளியின் அடையாளமாகத் தானே எழுதி வைக்கிறான். பிறகு அக்குறிப்பை ஆதாரம் என்று நம்பி ஓர் உயிரைப் பறிக்கிறான்.

நினைவு நோய் இல்லாத மனமும் நாள்தோறும் இதையே செய்கிறது. முதலில் ஒருவரை வெறுக்க முடிவு செய்கிறது. பிறகு அதற்குரிய சான்றுகளைத் திரட்டுகிறது. சகோதரர்களுக்கிடையே பல்லாண்டுப் பகை எப்படி வளர்ந்தது என்று பின்னோக்கிப் பார்த்தால், ஒருவர் தம் வசதிக்காக எழுதி வைத்த ஒரு குறிப்பில் சென்று முடியக்கூடும். ஆத்ம விசாரத்திற்கு முன் அந்தக்கரண சுத்தி வேண்டும் என்று ஆசார்யர்கள் வலியுறுத்தியது இதனால்தான். அழுக்குப் படிந்த கண்ணாடி எதைக் காட்டினாலும் அழுக்கையும் சேர்த்தே காட்டும்.

இப்படத்தில் மற்றொரு வினாவும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக், ஒரு மனிதனை நேற்றும் இன்றும் ஒருவனாகவே இணைப்பது நினைவு தொடரும் உணர்வு என்றார். நினைவே அறுந்த லியோனார்டு யார்? "எனக்கு நினைவில்லை" என்று அவன் பலமுறை சொல்கிறான். நினைவு இல்லை என்பதை அறிவது எது? சித்தம் தன் வேலையை நிறுத்தியபோதும் 'நான் இருக்கிறேன்' என்னும் உணர்வு ஒரு கணமும் அணையவில்லை. நினைவுகளின் தொகுப்பு 'நான்' அன்று. நினைவு இருப்பதையும் இல்லாததையும் ஒருங்கே அறியும் ஒளியே 'நான்'. படம் இந்த வாயிலைத் தொட்டுவிட்டு, உள்ளே நுழையாமல் கதையின் வழியே சென்றுவிடுகிறது.

பாதி உண்மையின் ஆபத்து

நோலன் 2010இல் வெளியிட்ட 'இன்செப்ஷன்' கனவுக்குள் கனவாக இறங்குகிறது. மேலே 10 மணி நேர விமானப் பயணம். முதற்கனவில் அது ஒரு வாரம். அதனுள் எழும் கனவில் ஆறு மாதம். அதற்கும் கீழே பத்து ஆண்டுகள். யோகவாசிஷ்டத்தைத் தமிழில் ஞானவாசிட்டமாகக் கற்றவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. மாயவித்தைக்காரன் மயிற்பீலியை அசைத்த சில கணங்களுக்குள், லவண மன்னன் வனத்தில் வேடர் குலப் பெண்ணை மணந்து, மக்களைப் பெற்று, பஞ்சத்தில் வாடி முதுமை எய்திய கதை அதில் வருகிறது.

ஆனால் படத்தின் மையத்தில் இருப்பது கனவுகளின் அடுக்கு அன்று, ஒரு துயரம். காப் என்பவனும் அவன் மனைவி மாலும் கனவின் அடியாழத்தில் ஒரு முழு ஆயுளை வாழ்கின்றனர். அங்கிருந்து மனைவியை மீட்க, "இவ்வுலகம் உண்மையன்று" என்ற எண்ணத்தை அவள் மனத்தில் அவன் விதைக்கிறான். இருவரும் விழிக்கின்றனர். எண்ணம் மட்டும் விழிக்கவில்லை, அது வேரூன்றிவிட்டது. விழித்த பின்னும் மால் இதுவும் கனவே என்கிறாள். பெற்ற பிள்ளைகளை வெறும் தோற்றம் என்கிறாள். இறந்தால் விழித்துவிடலாம் என்று நம்பி உயிரையும் விடுகிறாள்.

இது கதை. ஆயினும் வேதாந்தம் பயில்வோர் அனைவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 'உலகம் பொய்' என்னும் பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மருந்தாகாது, நஞ்சாகும். அத்வைதம் மூன்று தளங்களைப் பிரித்துக் காட்டுகிறது. கயிற்றில் தோன்றும் பாம்பும் கனவில் கண்ட யானையும் பிராதிபாஸிகம், தோன்றும் வரை மட்டும் உள்ளவை. பலருக்கும் பொதுவான, விதிகளுக்கு உட்பட்டு இயங்கும் இவ்வுலகம் வியாவஹாரிகம். எந்த நிலையிலும் மறுக்க முடியாத பிரம்மம் பாரமார்த்திகம். உலகம் 'மித்யை' என்றால் முயற்கொம்பு போல் அறவே இல்லாதது என்று பொருளன்று. மண்ணைச் சார்ந்து குடம் இருப்பது போல், வேறொன்றைச் சார்ந்து இருப்பது என்றே பொருள். குடம் மண்ணே என்று அறிந்தவனும் குடத்தில்தான் நீர் மொள்கிறான்.

கனவுப் பசிக்குக் கனவுச் சோறு வேண்டும். விழிப்புப் பசிக்கு விழிப்பில் சமைத்த சோறு வேண்டும். நோயுற்ற தாய்க்கு மருந்து வாங்க வேண்டிய மகன், "உடலே மாயை" என்று சொல்வானாயின் அவன் தளங்களைக் குழப்புகிறான். தன் பசிக்கு மட்டும் உலகத்தை மெய்யாகவும் பிறர் பசிக்குப் பொய்யாகவும் கொள்வது வேதாந்தம் அன்று, சுயநலம். மேலும் அறியாமை உடலில் இல்லை, புத்தியில் உள்ளது. ஆகவே உடலை அழிப்பதால் அது நீங்காது. அறிவு ஒன்றே அதை நீக்கும். துயரத்தின் மிகுதியால் ஒருவர், "எல்லாம் பொய், நான் இருந்து என்ன பயன்?" என்று பேசுவாராயின் அதை ஞானம் என்று எண்ணி வாளாவிருக்கலாகாது. அருகில் அமர்ந்து கேட்பதும் தக்க மருத்துவ உதவிக்கு அழைத்துச் செல்வதும் அவ்வேளையின் தர்மம்.

படத்தின் இறுதியில் காப் தான் விழித்திருப்பதைச் சோதிக்கப் பம்பரம் ஒன்றைச் சுழற்றுகிறான். விழுந்தால் விழிப்பு, விழாவிட்டால் கனவு. ஆனால் குழந்தைகளின் முகத்தைக் கண்டதும் பம்பரத்தை மறந்து அவர்களிடம் ஓடுகிறான். பம்பரம் சுழன்றுகொண்டிருக்கையில் திரை இருள்கிறது. அது விழுந்ததா என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். பம்பரத்தைப் பார்ப்பது யார் என்ற வினா அவ்வாதத்தில் பெரிதாக எழவில்லை.

அஷ்டாவக்கிரரின் விடை

இங்கே மிதிலைக்குத் திரும்பலாம். "அது உண்மையா, இது உண்மையா?" என்று ஜனகர் கேட்டார். முனிவர் ஒரு வினாவால் தொடங்கினார்: "கனவில் பசித்திருந்தபோது இந்த அரண்மனை இருந்ததா?" "இல்லை." "இப்போது அந்தக் காடும் கஞ்சியும் உள்ளனவா?" "இல்லை." "அப்போது நீ இருந்தாயா?" "இருந்தேன்." "இப்போது?" "இருக்கிறேன்." "அப்படியானால் வந்துபோகும் அதுவும் முழு உண்மையன்று, இதுவும் முழு உண்மையன்று. இரண்டையும் கண்டு மாறாமல் நிற்கும் நீயே உண்மை."

நான்கு படங்களும் காட்சியை ஐயுறக் கற்பிக்கின்றன. காண்பவனை நோக்கித் திரும்பவில்லை. டேக்கார்ட் திரும்பினார். அனைத்தையும் ஐயுற்றாலும் ஐயுறுபவன் இருப்பதை ஐயுற முடியாது என்று கண்டார். ஆனால் அவர் அந்த 'நான்' என்பதை எண்ணும் பொருளாகக் கொண்டு நின்றுவிட்டார். 'த்ருக் த்ருச்ய விவேகம்' மேலும் ஓர் அடி வைக்கிறது. உருவத்தைக் கண் காண்கிறது. கண்ணை மனம் காண்கிறது. மனத்தின் எண்ணங்களைச் சாட்சி காண்கிறது. சாட்சியைக் காண்பதற்கு வேறொன்று இல்லை. எண்ணமும் ஒரு காட்சியே.

படங்கள் இங்கே வராததற்கு ஓர் இயல்பான காரணமும் உண்டு. விழிப்பைப் படமாக்கலாம், கனவையும் படமாக்கலாம். ஆழ்ந்த உறக்கத்தைப் படமாக்க முடியாது. அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மாண்டூக்யம் அந்நிலையைத் தவறாமல் கணக்கில் கொள்கிறது. உலகமும் உடலும் எண்ணமும் மறைந்த உறக்கத்திலிருந்து எழுபவன், "ஒன்றும் அறியாமல் இன்பமாக உறங்கினேன்" என்கிறான். ஒன்றும் இல்லாமையையும் அறிந்த ஒன்று அங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஸ்ரீ ரமண மகரிஷி (1879–1950) தம்மிடம் வந்தவர்களுக்குத் திரைப்படத் திரையையே உவமையாகக் காட்டியதுண்டு. படத்தில் தீ எரியும், திரை கருகாது. வெள்ளம் பெருகும், திரை நனையாது. படம் ஓடுகையில் திரை கண்ணில் படுவதில்லை; ஆயினும் திரையன்றி எந்தக் காட்சியும் இல்லை. படத்தை நிறுத்தித்தான் திரையை அறிய வேண்டும் என்பதில்லை. பார்வையின் கவனம் மாறினால் போதும்.

விடை பெற்ற ஜனகர் அரண்மனையை விட்டு ஓடவில்லை. மீண்டும் அரியணையில் அமர்ந்து வழக்குகளைத் தீர்த்தார். பசித்தவனின் வேதனை இப்போது அவருக்குத் தெரியும். குருக்ஷேத்திரத்தில் ஞானம் கேட்ட அர்ஜுனனும் களத்தை விட்டு அகலவில்லை. ஐயம் சரியான திசையில் சென்று முடிந்ததற்கு இதுவே அடையாளம். அம்மனிதன் முன்னைவிடக் குறைவாக அஞ்சுவான். முன்னைவிட மிகுதியாக அன்பு செய்வான். கடமையில் பின்வாங்க மாட்டான். கடமையில் சலிப்பும் உறவில் அலட்சியமும் மிகுமாயின் விசாரணை நடுவழியில் நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

படம் பார்த்துவிட்டு வந்த மகன், "எல்லாம் பொய்தானே?" என்று கேட்கும்போது தாய் சொல்லத்தக்க மறுமொழி ஒன்று உண்டு: "இருக்கட்டும். அதைப் பொய் என்று அறிந்தவன் யார் என்று கண்டுபிடித்துச் சொல். அதுவரை தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடு." வினாவும் அணையாது, வீடும் இருளாது.

சிந்தனைக்கு

1. ட்ரூமனை அரங்கத்திற்குள் நிறுத்திய அச்சம் போல், சாதகனை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் அச்சங்கள் எவை?

2. சைஃபருக்கும் நசிகேதனுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிரேயஸ், பிரேயஸ் என்னும் கருத்துகளைக் கொண்டு விளக்குக.

3. ஒருவரைப் பற்றிய வெறுப்புக்கு ஆதாரமாக மனம் எழுதி வைத்துள்ள குறிப்பு ஒன்றை எடுத்து, அது உண்மையா, வசதியா என ஆராய்க.

4. 'மித்யை' என்பதற்கும் 'அறவே இல்லாதது' என்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன? இவ்வேறுபாட்டை மறந்தால் அன்றாட வாழ்வில் விளையும் தீங்குகளை எடுத்துக்காட்டுகளுடன் கூறுக.